ஒரு தூண்டில், நாலு கம்பு

மட்டக்களப்புக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்கச் செயலகத்துக்கு, போகும் வழியில் ஒரு டைப்பிங் கடை இருந்தது. தொண்ணூறுகளில், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், அதைப்போல் சனம் கூடிய கடைகள் அந்தத் தெருவில் குறைவு. உள்ளே மூன்று தட்டச்சு இயந்திரங்கள். ஒன்று ஆங்கிலம், ஒன்று தமிழ். மூன்றாவது ஓடாது, மற்ற இரண்டும் ஓடுவதற்கு அதிலிருந்துதான் உறுப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு நான் அப்போது மட்டக்களப்பு நிருபர். கடையின் மூலை மேசையில் இருந்து என் செய்திகளைத் தட்டச்சுச் செய்ய முதலாளி அனுமதித்திருந்தார். பதிலுக்கு, தமிழில் போகும் கடிதங்களில் நான் பிழை பார்த்துக் கொடுக்க வேண்டும்.

ஆனால் தமிழில் போன கடிதங்கள் குறைவு. தமிழில் எழுதினால் அதை மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும். அவர் எப்போதும் லீவில் இருப்பார். சிங்களத்தில் எழுத எங்களுக்குத் தெரியாது. ஆங்கிலம் இரண்டு பக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தெரியாது. அதனால் அதுவே நியாயமான மொழி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். தொலைந்த அடையாள அட்டை, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொண்ட சைக்கிள், ஷெல் விழுந்த கூரை, இடமாற்றம், பயணப் பாஸ் என்று எல்லாம் ஆங்கில மனுவாகப் போயின.

அந்த மனுக்களைத் தட்டச்சுச் செய்தவர் ஒரு பறங்கிப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம். பூப்போட்ட கவுண், மூக்கு நுனியில் கண்ணாடி. வீட்டில் போர்த்துக்கீசும் கடையில் தமிழும் மனுவில் ஆங்கிலமும் அவருடைய ஒழுங்கு. வாடிக்கையாளர்கள் அவரை ‘மிஸ்’ என்றார்கள். அவர் என்னை ‘மென்’ என்றார். எல்லா ஆண்களையும் அவர் அப்படித்தான் அழைத்தார், முதலாளியையும்.

அவர் தட்டிய மனுக்கள் எல்லாவற்றிலும் கடைசி வரிக்கு முந்திய வரியில் ஒரு சொல் இருக்கும்: ஃபோர்த்வித் (forthwith). பழைய ஆங்கிலச் சொல். வீட்டில் யாரும் பேச்சில் பயன்படுத்துவதில்லை. அரசாங்கமும் நீதிமன்றமும் பேசும்போது மட்டும் வரும். ‘உடனடியாக’ என்று தமிழில் சொல்லலாம்தான். ஆனால் அதில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. உடனே, மறுபேச்சு இல்லாமல், இடையில் ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்காமல் என்பது அதன் பொருள்.

அந்தச் சொல்லின் புகழ் வாவிக்கரை நெடுகப் பரவியிருந்தது. ஒரு மனு பலித்தால், பலித்தவர் தன் ஊருக்குப் போய் அந்தச் சொல்லால்தான் பலித்தது என்பார். அடுத்த கிழமை அந்த ஊரிலிருந்து நாலு பேர் வந்து நிற்பார்கள். மனுவை இயந்திரத்திலிருந்து உருவியதும், “போத்துவித் போட்டாச்சா, மிஸ்?” என்று கேட்பார்கள். அவர் பேனாவால் இடத்தைக் காட்டுவார். வந்தவர் அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்ப்பார். பிறகு மடிப்பு அந்தச் சொல்லின் மேல் விழாதபடி கவனமாக மடித்து, சட்டைப்பையிலோ இடுப்பிலோ வைத்துக்கொண்டு போவார். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாதவர்கள் செய்த காரியம் இது. கையெழுத்தின் குறுக்கே மடிப்பு விழுந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை.

மிஸ்ஸுக்கு அந்தச் சொல் எங்கே கிடைத்தது என்று ஒரு நாள் கேட்டேன். தகப்பனார் ஏதோ ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் ஓவசியராக இருந்தவராம். மிஸ்ஸுக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு தந்தி வந்தது. திருகோணமலையில் ஃபோர்த்வித் கடமையேற்கவும் என்பதே வாசகம். பகல் சாப்பாடு அடுப்பில் இருந்தது. பின்னேர பஸ்ஸில் தாயும் தகப்பனும் நாலு பிள்ளைகளும் ஒரு வயலினும் கூடையில் ஐந்து கோழிகளும் புறப்பட்டார்கள். சாப்பாட்டைச் சட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு தாய் போனாராம். “ஒரு சொல்லு மென், கோழியையும் சேத்துக் கிளப்பிச்சு,” என்றார் மிஸ்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அந்தச் சொல் எப்போதும் மேலிருந்து கீழேதான் வந்திருக்கிறது. வீட்டைக் காலி செய், கடமையை ஏற்றுக்கொள், பணத்தைக் கட்டு, எல்லாம் ஃபோர்த்வித். எங்கள் ஆட்கள் அதன் பொருளை அகராதியில் படித்து அறியவில்லை. முதுகில் வாங்கி அறிந்திருந்தார்கள். மிஸ் செய்தது, வந்த வழியே அதைத் திருப்பி அனுப்பியதுதான்.

எல்லா மனுவும் பலித்தது என்று சொல்ல மாட்டேன். காணாமற்போனவர்களைப் பற்றிய மனுக்களும் அதே இயந்திரத்தில்தான் அடிக்கப்பட்டன. அவற்றிலும் அந்தச் சொல் இருந்தது. அவற்றுக்குப் பதில் வரவில்லை. அந்த மனுக்களை அடிக்கும்போது மிஸ் யாரோடும் பேச மாட்டார். பிள்ளையைத் தேடி வந்த தாய்மாரும் விரல் வைத்துப் பார்க்கக் கேட்டதில்லை. கார்பன் பிரதிகள் ஒரு பிஸ்கட் பெட்டியில் தனியாக இருந்தன.

எனக்கு அந்தச் சொல்லில் பெரிய மதிப்பு இருக்கவில்லை. அது தொழிலின் குணம். கொழும்பில் என் செய்திகளைத் திருத்திய உதவி ஆசிரியர் ‘உடனடியாக’, ‘மிகவும்’, ‘கடுமையாக’ எல்லாவற்றையும் வெட்டிவிடுவார். சொன்னது நடந்ததா இல்லையா என்பதுதான் செய்தி, எப்படி என்பது பெருமூச்சு என்பது அவர் கட்சி. நாலு வருடம் அவரிடம் வெட்டு வாங்கியதில் எனக்கும் கை பழகிவிட்டது. அத்தோடு, துப்பாக்கி வைத்திருக்கும் ஓர் அதிகாரிக்கு அந்தத் தொனியில் எழுதுவது புத்தியல்ல என்றும் நினைத்தேன். மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்துவிட்டுத் தட்டிக்கொண்டேயிருந்தார்.

பெரியகல்லாற்றிலிருந்து ஒரு மீனவர் வந்தது மிஸ் இல்லாத நாளில். சொந்தத்தில் யாருக்கோ கலியாணம். பறங்கியர் கலியாணம் என்றால் ஆட்டம் ஓய மூன்று நாள் செல்லும். முதலாளி ஆங்கில இயந்திரத்தை எனக்குக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். வாவியில் காலை ஆறிலிருந்து பின்னேரம் நாலு வரைக்கும்தான் தொழில் செய்யலாம் என்பது இராணுவத்தின் அப்போதைய கட்டளை. இவருடைய வலை கண்டல் மரத்தின் வேரில் சிக்கியிருக்கிறது. வெட்டிவிட்டு வர மனமில்லாமல் கழற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். கரைக்கு வந்தபோது முக்கால் மணித்தியாலம் பிந்திவிட்டது. ஆளைச் சிப்பாய்கள் ஒன்றும் செய்யவில்லை. தோணியை மட்டும் இழுத்து முகாம் வளவுக்குள் போட்டுவிட்டார்கள். அது பலகைத் தோணி. மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கும் கலியாணம் முடிக்க இருந்த ஒரு மகளுக்கும் அந்தத் தோணியை விட்டால் வேறு வழியில்லை.

“பலகைக்குத் தண்ணிதான் சோறு, தம்பி,” என்றார். “கரையில கிடந்தா காஞ்சி வாயப் புளந்திரும். கச்சான் காத்து வேற அடிக்கிது. பத்து நாளைக்கு மேல தாங்காது.”

நான் கேட்டு எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில், மரியாதையாக, தேவையில்லாத ஒரு சொல்லும் இல்லாமல் எழுதினேன். நடந்ததை நடந்த ஒழுங்கில் வைத்தேன். முடிவில், அதிகாரி அவர்களுக்கு வசதியானபோது தோணியை விடுவித்து உதவும்படி கேட்டுக்கொண்டேன். திரும்ப வாசித்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது. அந்தச் சொல் இருக்கிறதா என்று அவர் கேட்டார். அதைவிட நல்லதாக இருக்கிறது என்றேன். விரல் வைக்க இடமில்லாமல், மனுவை நாலாக மடித்துக்கொண்டு போனார்.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தார். மிஸ் அப்போது இருந்தார். மீனவர் அவரிடம் போகாமல் நேரே என் மேசைக்கு வந்தார். அதிகாரி மனுவை வாங்கி முழுவதும் வாசித்தாராம். நல்ல கடிதம் என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னாராம். வசதி கிடைக்கும்போது பார்ப்பதாகச் சொல்லிக் கோப்பில் போட்டாராம். அதற்குப் பிறகு இரண்டு முறை போயும் அவருக்கு வசதி வரவில்லை. முள்வேலிக்கு வெளியே நின்று தோணியைப் பார்த்ததில், கவிழ்த்துப்போட்ட தோணியின் ஒரு பலகை மூட்டு வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்ததாம்.

சட்டைப்பையிலிருந்து கார்பன் பிரதியை எடுத்து மேசையில் விரித்தார். “இதில அந்தச் சொல் இல்ல, தம்பி.”

ஆங்கிலம் வாசிக்கத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். அடுத்த வீட்டுக்காரரின் சைக்கிள் மனுவைப் பார்த்திருக்கிறாராம். என் பென்சிலை எடுத்து மேசையில் கிடந்த பேப்பர் ஓரத்தில் கீறிக் காட்டினார். “முதல்ல ஒரு தூண்டில். நடுவுல ரெண்டு கம்பு. மறுகா கடைசியிலயும் ரெண்டு கம்பு.”

சரியாகத்தான் இருந்தது. தலைகீழான தூண்டில் மாதிரி முதல் எழுத்து, நடுவில் உயர்ந்த இரண்டு எழுத்துகள், முடிவில் மீண்டும் அதே இரண்டு. வலை கட்ட நட்ட கம்பைத் தூரத்திலிருந்து எண்ணுகிறவரின் கண் அது. என் கடிதம் முழுவதையும் அப்படி எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

மிஸ் பிரதியை வாங்கி வாசித்தார். முடிவு வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்ன மென் இது? அவருக்கு வசதி வரும் வரைக்கும் தோணிக்கு ஆர் குடை பிடிக்கிறது?”

மிஸ் புதுத் தாளைச் செருகினார். என் கடிதத்தில் பாதியை வெட்டினார். அதில் உதவி ஆசிரியரே தோற்றுப்போவார். மீனவர் பக்கத்தில் நின்று, ஒன்றுக்கு மூன்றாகப் போடும்படி கேட்டார். ஒன்றை அந்த ஆள் பார்க்காவிட்டாலும் மற்றது கண்ணில் குத்தும் என்பது அவர் கணக்கு. ஒன்று போதும் என்றார் மிஸ். உருவியெடுத்ததும் மீனவர் விரலை வைத்தார். தூண்டில் இருந்தது. நாலு கம்பும் இருந்தன.

“நானும் வாறன்,” என்றார் மிஸ். பிறகு என்னைப் பார்த்தார். “நீயும் வா. வசதியை எழுதினது நீதானே.”

மறுநாள் மூவரும் பஸ்ஸில் போனோம். வழியில் சோதனைச் சாவடிகளில் வழக்கம்போல் இறங்கி நடந்து ஏறினோம். ஒவ்வொரு முறையும் மிஸ் குடையை விரித்துக்கொண்டு, கோயில் திருவிழாவுக்குப் போகிறவரைப்போல் நடந்தார். முகாம் வாசலில் அடையாள அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு, வெயிலில் ஒரு மணித்தியாலம் நிறுத்தினார்கள். அங்கிருந்தே தோணி தெரிந்தது. அதன் முதுகில் சிப்பாய்களின் பனியன்கள் காய்ந்தன. மீனவர் வேறெங்கும் பார்க்கவில்லை. கச்சான் காற்று மணலை அள்ளிக்கொண்டு போனது.

அதிகாரி இளைஞர். மனுவை வாங்கி நின்றபடியே வாசித்தார். ஓர் இடத்தில் நிறுத்தினார். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் செய்வதைப்போலவே அந்த இடத்தில் விரலை வைத்தார். இந்தச் சொல்லை எழுதியது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தான்தான் என்றார் மிஸ்.

“‘நவ்’ என்று எழுதியிருக்கலாமே. இப்போதே என்று.”

“‘நவ்’ கத்தக்கூடியவர்களுக்கான சொல், சேர். நாங்கள் கடிதம் எழுதுகிறவர்கள்.”

மொழிபெயர்ப்பாளர் வேலையில்லாமல் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மீனவருக்கு ஒன்றும் விளங்கவில்லை; விரல் எங்கே இருக்கிறது என்பது மட்டும் விளங்கியிருந்தது. என் மரியாதையான கடிதம் அந்த நேரத்தில் கொஞ்சம் அழகாகத் தெரிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதிகாரி சிரித்தாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. மீசையில் ஏதோ நடந்தது. “போன வருடம் இந்தச் சொல் எனக்கும் வந்தது,” என்றார். “மட்டக்களப்புக்கு ஃபோர்த்வித் போகும்படி. கலியாணம் முடிந்து நாலாம் நாள்.”

“பெட்டி கட்ட எவ்வளவு நேரம் எடுத்தீர்கள், சேர்?”

“அன்று பின்னேரமே புறப்பட்டேன்.”

“தோணிக்குப் பெட்டியும் இல்லை,” என்றார் மிஸ்.

அதிகாரி மனுவின் ஓரத்தில் எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். தோணியை எடுத்துப் போகலாம் என்று மொழிபெயர்ப்பாளர் அறிவித்தார். அவருக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான். அந்தச் சொல்தான் தோணியை விடுவித்தது என்று ஒரு செய்தியாளன் எழுத முடியாது. தோணி கிடந்த இடத்தில் கரப்பந்து வலை கட்ட வேண்டும் என்று சிப்பாய்கள் ஒரு கிழமையாகக் கேட்டுக்கொண்டிருந்ததாக மொழிபெயர்ப்பாளர் வாசலில் வைத்து என்னிடம் சொன்னார். இரண்டையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.

பனியன்களை எடுத்துவிட்டு ஆறு சிப்பாய்கள் தோணியைத் தூக்கித் தந்தார்கள். வாவிக்கரையில் இருந்த வேறு மீனவர்கள் ஓடி வந்து தோள் கொடுத்தார்கள். மிதக்கவிடப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் அதை இடுப்பளவு தண்ணீருக்குக் கொண்டுபோய், கல்லை ஏற்றித் தாழ்த்தினார்கள். நான் பதறியதைப் பார்த்து மீனவர் விளக்கினார். காய்ந்த பலகை தண்ணீரைக் குடித்துப் பருத்தால்தான் மூட்டுகள் மூடும். அதற்குப் பத்து நாளோ பன்னிரண்டு நாளோ செல்லும்.

“இனி இதுக்குப் போத்துவித் சொல்ல ஏலா,” என்றார்.

தோணி இருந்த இடத்தில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. மிஸ் குடையின் கீழ் நின்று அவை குறையும் வரை பார்த்தார்.

அடுத்த கிழமை வாசிகசாலையில் பெரிய அகராதியை எடுத்து அந்தச் சொல்லைப் பார்த்தேன். நாலு வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது. முற்பாதிக்கு ‘முன்னே’ என்று பொருள், பிற்பாதிக்கு ‘கூட’. ஒன்றோடு கூடவே இன்னொன்றும் முன்னே போவது என்பதுதான் ஆதிக் கருத்தாம். கூடவே போவதால் தாமதம் இல்லை. அதிலிருந்து ‘உடனே’ என்ற பொருள் பிறந்திருக்கிறது. அதை வாசித்துவிட்டுத் தமிழை நினைத்தேன். ‘உடன்’ என்றால் கூட. அதிலிருந்து ‘உடனே’. ஒருவரையொருவர் கேட்காமல் இரண்டு மொழிகளும் ஒரே வழியால் நடந்திருக்கின்றன. இதை மிஸ்ஸிடம் ஆர்வமாகச் சொன்னேன். “அதுக்குத்தானே நானும் கூட வந்தன்,” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த தாளைச் செருகினார். சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ‘நியாயமான காலத்துக்குள்’ என்றும் பொருள் கொள்வதுண்டு என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் தோணியை எழுப்பினார்கள். மூட்டுகள் எல்லாம் மூடியிருந்தன, ஒன்றைத் தவிர. அது வெளிச்சம் தெரிந்த மூட்டு. என் கடிதம் கோப்பில் இருந்த நாட்களில் அந்தப் பலகை திரும்ப முடியாத தூரம் போயிருந்தது. மீனவர் அதில் பஞ்சை அடைத்து, தாரும் பூசினார். தொழில் திரும்பத் தொடங்கியது. மகளின் கலியாணமும் பிறகு நடந்தது. மிஸ்ஸும் நானும் போய்ச் சாப்பிட்டோம்.

செய்திக்காக வாவியில் போக வேண்டிய போதெல்லாம் அந்தத் தோணியில்தான் போனேன். அவர் ஒரு சதமும் வாங்க மாட்டார். ஆனால் ஏறி உட்கார்ந்ததும், கால்மாட்டில் கிடக்கும் தகரப் பேணியை எடுத்து என் கையில் தருவார். அந்த மூட்டால் தண்ணீர் கசிந்து என் செருப்பு நனையத் தொடங்கும்.

“இது உங்கட பலகை, தம்பி,” என்பார். “இறைங்க.”

நான் இறைப்பேன்.